நாள்பட்ட வலியும் உளவியலும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெயின் கிளினிக்கில் உளவியலாளராக உட்கார்ந்திருக்கும் என்னிடம் வருகிறவர்கள் வலியைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "என்னை ஏன் உங்ககிட்ட அனுப்பினாங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், அதில் பாதி கோபம், பாதி பயம். அதற்கப்புறம் வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். மேலிருந்து படித்தால் நல்லது, கீழே உள்ள பதில்கள் மேலே சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

"ரெண்டு மாசமா குறுக்கு வலி. இதுக்கே நாள்பட்ட வலின்னு பேர் வெச்சிடலாமா?"

இன்னும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ இருந்தால்தான் அந்தப் பெயர். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், அதாவது அதன் 11ஆம் பதிப்பு, இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. புற்றுநோய், ஆபரேஷன், மூட்டு நோய் என்று ஏதோ ஒன்றின் பின்னால் வரும் வலியை அது ஒரு பக்கம் வைக்கிறது, வலியே நோயாக நிற்பதை இன்னொரு பக்கம் வைக்கிறது. உடம்பெங்கும் பரவி வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் இன்ன காரணம் என்று பிடிபடாத இடுப்பு வலியும் இரண்டாவது பக்கம்.

பெரும்பாலான குறுக்கு வலி முதல் சில வாரங்களிலேயே நன்றாகக் குறைந்துவிடும். உங்களுக்கு இரண்டு மாதமாகியும் குறையவில்லை என்றால், மூன்று மாதம் முடியட்டும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், இப்போதே காட்டுங்கள்.

"சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கன்னா, என் வலி பொய்னு டாக்டர் நினைக்கிறாரா?"

நினைக்கவில்லை. நினைத்தால் அது அவர் தப்பு. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979இல் வலிக்கு ஒரு வரையறை கொடுத்தது, 2020இல் அதைத் திருத்தியது. இரண்டிலுமே வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் இருக்கிறது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதை 2020 திருத்தத்தின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் தெரிந்தால்தான் நம்புவேன் என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த வரையறைக்கு வெளியே நின்று பேசுகிறார்கள்.

உளவியலாளர் எதற்கு என்றால், வலி நீடிக்க நீடிக்க தூக்கம், பயம், நடமாட்டம், வேலை, வீட்டுச் சண்டை எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன, அவை திரும்ப வலியையும் ஏற்றுகின்றன. அந்தப் பக்கத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். வலியை அளப்பதற்கு இன்றும் உலகமெங்கும் பயன்படும் மெகில் கேள்வித்தாளை 1975இல் வெளியிட்ட ரொனால்ட் மெல்சாக்கே ஒரு உளவியலாளர்தான்.

"அடி பட்டாத்தானே வலிக்கும்? அடியே இல்லாம எப்படி வலிக்கும்?"

அடிக்கும் வலிக்கும் இடையே உள்ள தொடர்பு நாம் நினைக்கிற அளவுக்கு இறுக்கமானது இல்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இருந்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், பலத்த காயத்தோடு வந்த சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். உயிர் பிழைத்தோம், இனி போர்முனையில் இருந்து வெளியேறலாம் என்பதுதான் அவர்களுக்கு அந்தக் காயத்தின் அர்த்தம் என்று அவர் நினைத்தார். இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்று 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கட்டட வேலை செய்யும் 29 வயது இளைஞர் 15 செ.மீ. ஆணி மேல் குதித்துவிட்டார், ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது, லேசாக அசைத்தாலே துடித்தார், ஊசி போட்டு அமைதிப்படுத்தித்தான் கழற்ற முடிந்தது. பூட்ஸைக் கழற்றினால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது, காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. கண் பார்த்ததை வைத்து மூளை முடிவெடுத்தது, அவருக்கு வலித்தது.

காயத்தில் இருந்து வரும் சேதியைத் தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் முடியும், மூளையில் இருந்து கீழே இறங்கும் கட்டளைகளும் அதில் கை வைக்கின்றன என்று மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் எழுதினார்கள். வாயில் (கேட்) கோட்பாடு என்று சொல்வது அதைத்தான். அதன் விவரங்கள் பலவற்றைப் பிறகு திருத்தினார்கள், அடிப்படை நிலைத்துவிட்டது. 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் இன்னொன்றைக் காட்டினார்: காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்புகளே கூர்மையாகிவிடும், அப்புறம் சாதாரணத் தொடுகைகூட வலியாக மாறலாம்.

இல்லாத கை வலிக்கும் கதையும் இதே ஊர்தான். கையை இழந்தவர்களுக்கு அந்தக் கையே வலிப்பதைப் பற்றி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்தார். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்து அசைக்கச் சொன்னார். சிலருக்கு வலி குறைந்தது.

"எம்.ஆர்.ஐ.யில எல்4-எல்5 ஜவ்வு விலகியிருக்குன்னு தெளிவா போட்டிருக்கே, அப்புறம் என்ன உளவியல்?"

வலியே இல்லாதவர்களை ஸ்கேனில் படுக்கவைத்தால் என்ன தெரியும் என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 3,110 பேரின் முடிவுகளை 2015இல் வெளியிட்டார்கள். முதுகு வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37% பேருக்கு ஜவ்வு, அதாவது டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96% பேருக்கு. டிஸ்க் பிதுங்கல் 20 வயதில் 30%, 80 வயதில் 84%. ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தை உங்கள் வலிக்குக் காரணமாக இருக்கலாம், நரை முடி மாதிரி வயதோடு வந்ததாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரிப்போர்ட் கவரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஜவ்வு போச்சு, இனி அவ்வளவுதான்" என்று உட்காருகிறவரிடம் அந்தத் தாள் ஒரு தீர்ப்பு மாதிரி வேலை செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் குனிவதே இல்லை.

"அப்போ ஸ்கேன், டாக்டர் எல்லாம் வேண்டாமா?"

வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, கீழே விழுந்தபின் வரும் கடும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் இரண்டில் மணிக்கணக்கே முக்கியம்.

"வலிச்சா ரெஸ்ட் எடுக்கணும். குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது. அதுதானே சரி?"

கால் எலும்பு முறிந்த முதல் வாரத்துக்குச் சரி. மூன்று வருட இடுப்பு வலிக்கு அதுவே பாதி வினை. யோஹான் விளாயனும் ஸ்டீவன் லிண்டனும் 2000இல் தொகுத்துக் காட்டிய பயம்-தவிர்ப்பு மாதிரி இதைத்தான் விளக்குகிறது. வலிக்கிறது, ஏதோ உடைகிறது என்று பயம் வருகிறது, அந்த அசைவை விடுகிறீர்கள், உடம்பு பலம் இழக்கிறது, வெளியே போவது நிற்கிறது, மனம் சோர்கிறது, அப்புறம் சின்ன வேலைக்கே வலி கூடுகிறது. தவிர்த்ததால்தான் பிழைத்தோம் என்று தோன்றும், ஏனென்றால் குனிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சோதித்துப் பார்க்கவே இல்லையே.

சிகிச்சை எப்படி என்று ஒரு உதாரணம். நெதர்லாந்தில் அன்றாட வேலைகளின் புகைப்படக் கட்டு ஒன்றை இதற்கென்றே தயாரித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இதைச் செய்தால் முதுகுக்கு எவ்வளவு கெடுதல் என்று 0 முதல் 100 வரை நோயாளி அடுக்குவார். நான் அதை நம் வீட்டு வேலைகளை வைத்துச் செய்கிறேன்: செருப்பு மாட்டுவது 20, சிலிண்டரை உருட்டுவது 70, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பது 95. முதலில் கீழே உள்ளதில் தொடங்குவோம். "குனிந்தால் முதுகு பூட்டிக்கொள்ளும், எழ முடியாது" என்று அவர் சொன்னதைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, குனியச் சொல்வோம். எழுந்துவிடுவார். வலித்திருக்கும், ஆனால் பூட்டிக்கொண்டிருக்காது. எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது, குனிந்த எண்ணிக்கையில் இல்லை. குடத்துக்கு வர சில வாரம் ஆகும், முதலில் காலிக் குடம்.

"நல்லா இருக்கிற அன்னைக்கே எல்லா வேலையும் முடிச்சிடறேன், மறுநாள் எழுந்திரிக்கவே முடியலை. நான் சோம்பேறி இல்லைங்க."

சோம்பேறி இல்லை, நேர் எதிர். வலி குறைந்த அன்று வீட்டை ஒட்டடை அடித்து, திரைச்சீலை துவைத்து, அடுத்த இரண்டு நாள் படுக்கை. வலி எப்போது நிறுத்தச் சொல்கிறதோ அப்போது நிறுத்துவது என்பதே இங்கே சிக்கல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் இதைத்தான் பிடித்தார். ஓய்வும் மாத்திரையும் வலிக்குப் பின்னால் ஓடினால், அவை வலிக்குக் கிடைக்கும் பரிசாக மாறிவிடும், அதனால் இரண்டையும் கடிகாரத்தோடு கட்டு என்றார். புதிதாக முதுகு வலி வந்தவர்களை வைத்து அவர் குழு 1986இல் வெளியிட்ட ஆய்வில், வலி போகும்வரை மருந்தும் ஓய்வும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, இத்தனை நாள், இத்தனை வேளை என்று முன்கூட்டியே வரம்பு சொல்லப்பட்டவர்கள் பின்னாளில் நன்றாக இருந்தார்கள்.

வீட்டில் செய்வதற்கு: அடுப்படியில் நின்றால் 20 நிமிடத்தில் வலி ஏறுகிறது என்றால் 15 நிமிடத்தில் அலாரம் வைத்து உட்காருங்கள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். நல்ல நாளிலும் 15, கெட்ட நாளிலும் 15. ஒரு வாரம் தாங்கினால் 17. அலுப்பான வேலைதான், நல்ல நாளில் உட்காருவதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது.

"நீ ரொம்ப யோசிக்கிறே, அதான் வலிக்குதுன்னு வீட்ல சொல்றாங்க. உண்மையா?"

ஒரு நுனியில் உண்மை, அவர்கள் சொல்கிற தொனியில் பொய். மைக்கேல் சல்லிவனும் சகாக்களும் 1995இல் 13 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள், மதிப்பெண் 0 முதல் 52 வரை. வலியைப் பற்றிய நினைப்பில் இருந்து மீள முடியாமை, பெரிதாக ஏதோ ஆகப்போகிறது என்ற எண்ணம், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற கையறு நிலை ஆகிய மூன்றை அது அளக்கிறது. இதில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு வலியும் முடக்கமும் அதிகம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

ஆனால் வருடக்கணக்கில் வலிக்கிற ஒருவருக்குக் கையறு நிலை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வலி எண்ணத்தை ஏற்றுகிறது, எண்ணம் வலியை ஏற்றுகிறது, எங்கே தொடங்கியது என்று தேடிப் பிரயோஜனம் இல்லை. "யோசிக்காதே" என்பது சிகிச்சையும் இல்லை. அப்படிச் சொன்னால் குறைந்துவிடும் என்றால் எனக்கு வேலையே இருக்காது.

"எங்க வீட்டுக்காரர் என்னை ஒரு வேலை செய்ய விடமாட்டார், அவ்வளவு பாசம். அதுவும் தப்பா?"

பாசம் தப்பில்லை. 1980இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நாள்பட்ட வலி உள்ளவர்களைப் பேட்டி எடுக்கும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்கள் துணைவர் பார்க்கிறார் என்று ஒருமுறையும், வார்டு கிளார்க் பார்க்கிறார் என்று இன்னொருமுறையும் சொன்னார்கள். ரொம்பவும் தாங்குகிற துணைவர் உள்ளவர்கள், அவர் பார்ப்பதாக நினைத்தபோது வலியை அதிகமாகச் சொன்னார்கள். கண்டுகொள்ளாத துணைவர் உள்ளவர்களிடம் இது தலைகீழாக இருந்தது. யாரும் திட்டமிட்டு நடிக்கவில்லை. யார் எதிரில் இருக்கிறார் என்பதும் வலிக்குள் போகிறது.

முகம் சுளித்த உடனே கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வதற்குப் பதிலாக, அந்த 15 நிமிட அலாரம் அடிக்கும்போது அவர் வந்து உட்காரச் சொல்லட்டும். அதே பாசம், நேரம் மட்டும் வேறு.

"சி.பி.டி.ன்னு ஏதோ சொல்றாங்க. பேசுனா வலி போயிடுமா?"

போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் வெறும் பேச்சு கொஞ்சம்தான். மேலே சொன்ன அலாரமும் குடமும் அதில் ஒரு பகுதி. அதோடு வலி ஏறும்போது மனதில் ஓடும் வாக்கியத்தைப் பிடித்து எழுதுவது, தளர்வுப் பயிற்சி, விட்டுப்போன காரியங்களைத் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் சேரும்.

பலன் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 75 ஆய்வுகளை, 9,401 பேரைச் சேர்த்துப் பார்த்தது. வலி, முடக்கம், மனச்சோர்வு மூன்றிலும் சி.பி.டி.க்குச் சிறிய அளவில், சில ஒப்பீடுகளில் மிகச் சிறிய அளவில்தான் பலன் என்று முடிவு சொன்னது. இதை மறைத்துப் பேசுகிற சக உளவியலாளர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. சராசரி சிறியது, அந்தச் சராசரிக்குள் நன்றாகத் தேறியவர்களும் உண்டு, ஒன்றுமே மாறாதவர்களும் உண்டு.

"மைண்ட்ஃபுல்னஸ்னா நம்ம தியானம்தானே? அதுக்கு எதுக்கு காசு கொடுக்கணும்?"

வேர் அங்கேதான். மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் 1979இல் பௌத்த தியானத்தை மருத்துவமனைக்கு ஏற்றபடி எட்டு வார வகுப்பாக மாற்றினார், ஆரம்பத்தில் அவரிடம் வந்தவர்களில் மருந்துக்கு அடங்காத வலிக்காரர்கள் நிறைய. 2016இல் அமெரிக்காவில் 342 பேரை வைத்து நடந்த ஆய்வில் 26ஆம் வாரம், அன்றாட நடமாட்டத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் மைண்ட்ஃபுல்னஸ் குழுவில் சுமார் 61%, சி.பி.டி. குழுவில் 58%, வழக்கமான சிகிச்சையில் 44%. முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஏற்கெனவே ஒழுங்காக தியானம் செய்கிறவர் என்றால் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வலி போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது இந்தக் கணக்கில் சேராது. வலியை இருக்கும்படியே கவனிப்பதுதான் அந்தப் பயிற்சி.

"மூளையை மாத்தினா வலி மொத்தமா போயிடும்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

அதற்குப் பின்னால் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, யூடியூப் அதை ஊதிவிட்டது. அமெரிக்காவின் கொலராடோவில் நாள்பட்ட முதுகு வலி உள்ள 151 பேரை வைத்து நடந்தது, 2022இல் ஜாமா சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்தது. உங்கள் முதுகில் ஆபத்து இல்லை, மூளை தவறாக அபாயம் என்று படிக்கிறது என்பதை நான்கு வாரத்தில் எட்டு அமர்வுகளில் உணரவைத்தார்கள். முடிவில் 66% பேர் வலியே இல்லை அல்லது மிகக் குறைவு என்றார்கள். போலி ஊசி போட்ட குழுவில் 20%, வழக்கமான சிகிச்சையில் 10%. ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலும் நிலைத்தது. மேலே காக்ரேன் சொன்ன சிறிய பலனோடு ஒப்பிட்டால் இது பெரிய எண்.

ஆனால் ஒரே இடம், பெரும்பாலும் படித்தவர்கள், ஆரம்ப வலியே பத்துக்கு நான்கு அளவில். காரணம் தெரிந்த வலிக்கு, உதாரணமாக ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு, இதை அப்படியே பொருத்த முடியாது. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் "21 நாளில் வலி போகும்" என்று கோர்ஸ் விற்கிறவர்களிடம் இல்லை.

"எங்க அப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. இதெல்லாம் வயசானவங்களுக்கு ஒத்து வருமா?"

வரும். 2024இல் வெளியான ஆய்வில் பங்கெடுத்தவர்கள் அனைவரும் வயதான முன்னாள் ராணுவத்தினர். அடக்கிவைத்த கோபம், துக்கம், குற்ற உணர்வு ஆகியவற்றை வெளியே கொண்டுவரும் சிகிச்சையைச் சி.பி.டி.யோடு ஒப்பிட்டார்கள். வலி 30% ஆவது குறைந்தவர்கள் முதல் குழுவில் 63%, சி.பி.டி.யில் 17%. அப்பா காலத்து ஆட்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்று நாம்தான் முடிவு கட்டிவைத்திருக்கிறோம்.

"வலிக்குப் போனா டிப்ரஷன் மாத்திரை எழுதிட்டாங்க. நான் என்ன மெண்டலா?"

இல்லை. டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் போன்றவை வலிக்கு எதிராகவே வேலை செய்கின்றன, மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் கொடுப்பார்கள். மூளையில் இருந்து கீழே இறங்கும் கட்டளைகள் என்று மூன்றாவது கேள்வியில் சொன்னேனே, அவை பயன்படுத்தும் இரசாயனங்களை இந்த மாத்திரைகள் தொடுகின்றன. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் தந்த வழிகாட்டி, வலியே நோயாக நிற்கும் வகைக்கு உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, அக்குபங்சர் ஆகியவற்றோடு இந்த மாத்திரைகளையும் பரிசீலிக்கச் சொல்கிறது, பாராசிட்டமாலையும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்கிறது. கேட்காமல் சட்டென்று நிறுத்தாதீர்கள், தலைசுற்றலும் எரிச்சலும் வரும்.

"மருந்தே இல்லாத மாத்திரைக்கும் வலி குறையுதாம். அப்போ எல்லாம் மனப்பிரமைதானே?"

இரண்டாவது கேள்விதான் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. 1978இல் கலிஃபோர்னியாவில் பல் பிடுங்கியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், போலி மருந்தால் வந்த நிவாரணம் நாலாக்ஸோன் கொடுத்ததும் மறைந்தது. நாலாக்ஸோன் ஓபியாய்டுகளின் வேலையைத் தடுக்கும் மருந்து. அதாவது எதிர்பார்ப்பு, உடம்பின் சொந்த வலி நிவாரணியைச் சுரக்கவைத்திருக்கிறது. பிரமை என்றால் அதை ஒரு மருந்து எப்படித் தடுக்கும்?

2016இல் லிஸ்பனில் முதுகு வலிக்காரர்களிடம் இது வெறும் போலி மாத்திரை என்று உண்மையைச் சொல்லியே மூன்று வாரம் கொடுத்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிட வலி அதிகமாகக் குறைந்தது. ஏன் என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

"நைட் தூக்கம் வந்தாலே போதும்னு இருக்கு. முதல்ல எதைச் சரி பண்ணணும்?"

தூக்கத்தை. வலி தூக்கத்தைக் கெடுப்பதைவிட, கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டுவது வலுவாக இருக்கிறது என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. தினமும் ஒரே நேரம் எழுவது, தூக்கம் வராமல் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது. தூக்கமின்மைக்கென்றே சி.பி.டி. தனியாக இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

"சரி, நம்ம ஊர்ல இதுக்கு எங்கே போறது?"

பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையை ஒட்டி பெயின் கிளினிக் இருக்கும், அங்கே கேளுங்கள். உளவியலாளரைத் தேடினால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். வலியோடு மனமும் உடைந்துபோய், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

உளவியலாளர் கிடைக்காத ஊர் என்றால் நல்ல ஃபிசியோவைப் பிடியுங்கள். ஆஸ்திரேலியாவில் 492 பேரை வைத்து 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அசைவு, பயம், பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கையாளப் பயிற்சி பெற்ற ஃபிசியோதெரபிஸ்ட்கள்தான் சிகிச்சை கொடுத்தார்கள், பலன் ஒரு வருடம் நின்றது. கரண்ட் வைத்து, பெல்ட் மாட்டி அனுப்பிவிடுகிறவரா, உங்களைக் குனியவைத்துப் பார்க்கிறவரா என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

"எல்லாம் செஞ்சாச்சு. வலி இன்னும் பத்துக்கு அஞ்சுலயே நிக்குது. அப்போ வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?"

அந்த அஞ்சை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், இப்போது எவ்வளவு. மாதத்துக்கு எத்தனை மாத்திரைப் பட்டை வாங்கினீர்கள், இப்போது எத்தனை. கல்யாணம் காட்சிக்குப் போகிறீர்களா. இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள். அஞ்சிலேயே நின்றுகொண்டு வேலைக்குத் திரும்பியவர்கள் என்னிடம் உண்டு, இரண்டுக்கு இறங்கியும் வாசல் தாண்டாதவர்களும் உண்டு.

இதில் எதுவுமே மாறவில்லை என்றால் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம், அதைச் சிகிச்சை கொடுப்பவரிடம் நேராகச் சொல்லுங்கள். எட்டுப் பத்து அமர்வுக்குப் பிறகும் "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றே பதில் வந்தால் முறையை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆளை மாற்றுங்கள். போகும்போது மேலே சொன்ன நான்கு கணக்குகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், புது ஆளுக்கு அது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைவிட உதவும்.